பூஜ்யம் சொன்ன முழங்கால்

கப்சோவார்
7 பிப்ரவரி 1999

அன்புத் தம்பி தாரூஸுக்கு,

நீ பஸ் ஏறின அன்னிக்கே இங்க பருவம் தப்பி ஒரு மழை. நல்ல சகுனம்னு அம்மா சொல்றா, கூரை ஒழுகுதுன்னு நான் சொல்றேன். மத்தபடி அம்மா, நான், மாடுகள் எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேக்க மாட்டேன். தடை தாண்டற ஓட்டத்துல தண்ணிக் குழியில விழுந்து, முழங்கால் பூட்டிக்கிட்டு, எல்டோரெட் மைதானமே பாக்க ஒத்தைக் கால்ல குதிச்சுக் குதிச்சு எல்லைக் கோட்டைத் தாண்டினவன் எப்படிடா சௌக்கியமா இருப்பான்? அதுல ஏழாவது இடம் வேற! விழுந்தவன் பேசாம விழுந்தே கிடந்திருக்கலாம்ல?

சரி, திட்டலை. அந்த டாக்டர் முசிலா ஓட்டக்காரங்க முழங்காலைப் பாத்தே பழகினவராம். அவர் கேக்கிறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு. போன வருஷம் தேசிய அணித் தேர்வுல மூணு பேரை எடுத்தாங்க, நீ நாலாவதா வந்து வீட்டுக்கு வந்தே. உன் முகத்தை நான் பாத்தேன். நீ நேரா மாட்டுத் தொழுவத்துக்குப் போயிட்டே. இந்த ஜூலையில நீ ஓடியே ஆகணும். உனக்கும் இருபத்தாறு ஆயிடுச்சு.

கிமோசோப் அறையில இடம் போதுதா? போலீஸ்காரன்னு நினைச்சு அவனுக்குப் பயப்படாதே, ஸ்கூல்ல என்கிட்ட குட்டு வாங்கினவன்தான். எனக்கு மார்ச்சுல டீச்சர்கள் வாலிபால் போட்டி. வலைக்கு மேல எழும்பி அடிக்க இந்த வட்டாரத்துல வேற யாரு இருக்கா?

டாக்டர் சொன்னதை எழுது. முழுசா எழுது.

குடுக்கை நிறையப் பாலும் அன்பும்,
அக்கா ஜெமேலி

*

நைரோபி
18 பிப்ரவரி 1999

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தப்ப நல்லாத்தான் இருந்தேன், படிச்சு முடிச்சப்ப கொஞ்சம் குறைஞ்சு போச்சு. ஏழாவது இடத்தை ஊருக்குள்ள எத்தனை பேர்கிட்ட சொன்னே?

முழங்காலுக்குள்ள பிறை மாதிரி ஒரு ஜவ்வு இருக்காம். அது கிழிஞ்சு மடங்கி நடுவுல மாட்டிக்கிட்டதாலதான் கால் பூட்டிக்கிச்சு. காலைக் கிழிக்க வேண்டாமாம். ரெண்டு சின்னத் துளை போட்டு, ஒண்ணுல கேமரா, ஒண்ணுல கருவி. ஆர்த்ராஸ்கோப்பின்னு பேரு. கிமோசோப்புக்கு அதைச் சொல்ல வரலை, ஆத்துக்கோழின்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்.

விஷயம் இதுதான். கிழிஞ்சதை வெட்டி எடுத்துட்டா சீக்கிரமே ஓடலாம், ஜூலை கைக்குள்ள. ஆனா அந்த ஜவ்வு இல்லாத முழங்கால் நாள் போகப் போகத் தேஞ்சுடும். தையல் போட்டா ஜவ்வு தப்பும், ஆனா ஆற மாசக்கணக்காகும். எல்லாம் ஒழுங்கா நடந்தா ஜூலைக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் சின்ன வாய்ப்புன்னு டாக்டர் சொல்றார். எனக்கு வெட்டிடலாம்னு இருக்கு. நீயும் அம்மாவும் என்ன சொல்றீங்க? பஸ்காரர்கிட்ட பதில் குடுத்து விடு, தபால்னா நேரமாகும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. வலிக்கலை, கவலை வேண்டாம்.

தம்பி தாரூஸ்

*

கப்சோவார்
22 பிப்ரவரி

தாரூஸ்,

எல்லாரும் நலம், பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார், அதனால விசாரிப்பெல்லாம் அடுத்ததுல.

தையல் போடச் சொல்லு. அம்மா கேட்டது ஒரே கேள்வி: “ஐம்பது வயசுல அவன் மாட்டுக்குப் பின்னால ஓடணுமா வேண்டாமா?” ஒரு ஜூலைக்காக முழங்காலை வித்துடாதே. கூட வர்ற குடுக்கையில அம்மா புளிக்க வெச்ச முர்சிக் பால் இருக்கு, கிமோசோப்புக்கும் குடு, அவன் ஒரே மூச்சுல குடிச்சுட்டா என்னைக் குத்தம் சொல்லாதே.

ஜெமேலி

*

நைரோபி
14 மார்ச் 1999

என் அக்காவுக்கு, அம்மாவுக்கும் சத்தமாப் படி,

ஆபரேஷன் ஆச்சு, நல்லபடியா இருக்கேன். தையல்தான் போட்டாங்க. உங்க பேச்சைக் கேட்டேன், பின்னால பெருமை அடிச்சுக்காதீங்க.

இடுப்புக்குக் கீழ மரத்துப் போக ஊசி போட்டாங்க, ஆனா முழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். தலைமாட்டுல ஒரு டிவி. அதுல என் முழங்காலோட உள்பக்கம்! அம்மா, சுத்த வெள்ளை. முர்சிக்ல தண்ணி ஊத்தினா கட்டி மிதக்குமே, அப்படி. அதுக்கு நடுவுல கிழிஞ்ச ஜவ்வு, கொடியில காயப் போட்ட துணி காத்துல ஆடற மாதிரி ஆடுது. டாக்டர் அதைப் பிடிச்சு இழுத்து, இடத்துல வெச்சு, தைக்கிறார். “உன் சொந்தப் படத்தைப் பாத்து நீயே தூங்கிடாதேப்பா”ன்னு சொன்னார்.

இப்ப என்னைப் பாத்துக்கிறது பிசியோ அவுவோர் அம்மா. கிசுமுக்காரங்க, ஏரிக்கரை ஆளு. அவங்க குரல் வந்தப்புறம்தான் அவங்க வருவாங்க. காலை மடக்கி நீட்டி, ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க: “பூஜ்யத்திலேருந்து பத்துக்குள்ள வலி எத்தனை?” நான் பூஜ்யம்னு சொல்வேன். “பக்கத்துக் கட்டில்காரன் எங்க ஊரு. ஊசியைப் பாத்ததுக்கே பதினொண்ணுன்னு கத்தினான். உங்க மலையில வலின்னு ஒரு சரக்கே இறக்குமதி ஆகலையாடா?”ன்னு கேட்டாங்க. வார்டே சிரிச்சுது. நேத்து எனக்கு மீன் கொண்டு வந்து குடுத்தாங்க. அந்த முள்ளுக்கு ஆபரேஷனே தேவலை.

உன் போட்டி என்னாச்சு? நம்ம சினைமாடு சாமோ நல்லாத் தின்னுதா?

ரெண்டு துளைக்காரன்,
தாரூஸ்

*

கப்சோவார்
30 மார்ச் 1999

அன்புத் தம்பிக்கு,

உன் முழங்கால் ஆறுதுன்னு கேட்டு எங்க உடம்புக்கே தெம்பு வந்துச்சு. அவுவோர் அம்மாவுக்கு உடம்பு சுகமா? கிமோசோப் சுகமா? அவன் பெண்டாட்டிக்கு இருமல்னு சொன்னாங்களே, விட்டுச்சா? டாக்டர் முசிலா சுகமா?

உன்னோட ரெண்டு துளைக் கதையை ஊர்ல யாரும் நம்பலை. “நைரோபி வரைக்கும் போய் ரெண்டு கொசுக்கடியோட வந்தா அதுக்குப் பேரு ஆபரேஷனா?”ன்னு சர்ச்ல கேக்கிறாங்க. வரும்போது பெரிய கட்டாப் போட்டுக்கிட்டு வா, இல்லேன்னா மானம் போயிடும்.

பூஜ்யம் கதையைப் படிச்சு அம்மா கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிச்சா. ஆனா எனக்குக் கொஞ்சம் உறுத்துது. ஆம்பளைப் பிள்ளைங்க விருத்தசேதனச் சடங்குக்குப் போயிட்டு வந்தா அங்க நடந்தது பொம்பளைங்களுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கெல்லாம் நினைப்பு. முகத்துல சேறு பூசிக் காய விடுவாங்க, கத்தி படும்போது அந்தச் சேறு ஒரு கீறல் விடக் கூடாது, விட்டா அவன் ஆயுசுக்கும் கோழை. ஊருக்கே தெரியும்டா. நீ ஒரு கீறல் இல்லாம நின்னேன்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். ஆனா அது ஆஸ்பத்திரி. அங்க யாரும் உன் முகத்துல சேறு பூசலை.

போட்டியில ஜெயிச்சுட்டோம். கடைசி ஆட்டம் மட்டும் நான் வெளியில உக்காந்துட்டேன், சின்னப் பொண்ணுங்களுக்கும் வாய்ப்பு வேணுமே. இப்பல்லாம் கரும்பலகையில பிள்ளைங்களையே எழுத விடறேன், கை பழகட்டும்னு. பாலும் அம்மாதான் கறக்கிறா, அவ கை பட்டாத்தான் மாடுங்க பாலை இறக்குதாம்.

இரும்பு மாதிரி இருக்கிற,
ஜெமேலி

*

நைரோபி
20 ஏப்ரல் 1999

அக்கா,

இங்க சுகம், அங்கேயும் அப்படித்தான்னு நம்பறேன். சாமோ கன்னு போட்டுச்சா? காளையா, கிடாரியா? போன வருஷத்துக் கன்னுக்குக் காதுல புண்ணு இருந்துச்சே, ஆறிடுச்சா? அந்த ஒத்தைக் கொம்புக்காரி இன்னும் வேலியை முட்டறாளா? உப்பு வெக்கிறீங்களா? செவலைக்கு ஈ மொய்க்கும், வேப்பெண்ணெய் மாதிரி ஏதாவது தடவுங்க. ஆத்துப் பக்கம் மேய விடாதீங்க, சறுக்கும்.

முழங்கால் பூஜ்யம். அவுவோர் அம்மாவே அசந்து போயிட்டாங்க. கைத்தடியை முன்னாடியே தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. இப்ப பாதி உக்காந்து எழுந்திருக்கிற பயிற்சி, அடுத்த மாசம் எடை தூக்கி. இதே வேகத்துல போனா ஜூலையில ஓடிடுவேன்.

உன் கடிதம் முழுக்க மை ஈஷிக் கிடக்கு, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. பிள்ளைங்க கைக்குப் பிரம்படி குடுக்கிற டீச்சர் எழுதற லட்சணமா இது?

தாரூஸ்

*

நைரோபி
9 ஜூன் 1999

மரியாதைக்குரிய டீச்சர் அம்மா ஜெமேலிக்கு,

நீங்களும் உங்க அம்மாவும் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு எழுதறேன். நீங்க என்னைப் பாத்ததில்ல. உங்க தம்பிக்கு மீன் குடுத்துக் கொல்லப் பாத்த அவுவோர் நான்தான்.

அவன் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டான், அதனால நான் எழுதறேன். போன வாரம் எடை தூக்கி உக்காரும்போது அவன் முழங்கால்ல ‘டக்’குனு ஒரு சத்தம். அறையில எல்லாருக்கும் கேட்டுச்சு. நான் ஓடிப் போய் “எத்தனை?”ன்னு கேட்டேன். பூஜ்யம்னு சொன்னான். நெத்தியிலேருந்து வேர்வை கொட்டுது அம்மா, உதடு வெளுத்துப் போச்சு, முகம் மட்டும் கல்லு. தையல் பிரிஞ்சுடுச்சு. மறுபடி கால் பூட்டிக்கிச்சு. இந்த மாசக் கடைசியில மறுபடி ஆபரேஷன். ஜூலை போச்சு. இந்தத் தடவையும் பிரிஞ்சா தைக்கிறதுக்கு ஜவ்வு மிஞ்சாது, அதுக்கப்புறம் தடை தாண்டற ஓட்டத்தை அவன் ரேடியோவுலதான் கேக்கணும்.

எனக்கு அவன் மேல எவ்வளவு கோபமோ அதே அளவு என் மேலயும் கோபம். அவன் சொல்ற எண்ணை வெச்சுத்தானே அடுத்த பயிற்சியை முடிவு பண்றேன்? அவன் பூஜ்யம் பூஜ்யம்னு சொல்லச் சொல்ல நான் ஏத்திக்கிட்டே போயிட்டேன். எங்க பக்கத்துல கால்ல முள்ளு குத்தினா மூணு தெருவுக்குக் கேக்கும். அப்படிப்பட்டவங்களை வெச்சுத் தொழில் கத்துக்கிட்டவ நான். சும்மா நிக்கிற மனுஷனைப் படிக்க எனக்குத் தெரியலை.

நீங்க அவனைத் தூக்கி வளத்தவங்க. இந்தப் பயலுக்கு வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க.

உங்க தம்பியை என் தம்பியாவே நினைக்கிற,
அவுவோர்

*

கப்சோவார்
15 ஜூன் 1999

அவுவோர் அம்மாவுக்கு,

நீங்க நல்லா இருக்கணும், உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும், ஏரியில மீன் குறையாம இருக்கணும். உங்க கடிதத்தைப் படிச்சுட்டு வகுப்பை அப்படியே விட்டுட்டு வெளியில வந்து நின்னேன். அம்மாவுக்கு இன்னும் படிச்சுக் காட்டலை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் வாசிக்கிறதுதான் அவளுக்குக் கடிதம்.

தையல் போடச் சொன்னது நான்தான். அதனால இதுல எனக்கும் பங்கு இருக்கு. நீங்க உங்களைத் திட்டிக்காதீங்க.

அவன் முகத்தைப் பாக்காதீங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது. அவன் பேச்சைக் கேளுங்க. வலிச்சா மாட்டைப் பத்தி விசாரிப்பான். சின்ன வயசுல அத்திமரத்திலேருந்து விழுந்து கை ஒடிஞ்சு கிடந்தான். அப்பா தூக்கினப்ப அவன் கேட்டது என்ன தெரியுமா? “கன்னுக்குட்டி பால் குடிச்சுதா?” ஒரு மாட்டை விசாரிச்சா அஞ்சுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு மாட்டை விசாரிச்சா கையை எடுத்துடுங்க. ஏப்ரல்ல எனக்கு எழுதின கடிதத்துல தொழுவத்தையே விசாரிச்சிருந்தான். படிச்சுட்டுச் சிரிச்சேன் அம்மா. நானே கண்டுபிடிச்சிருக்கணும்.

அவனைத் திட்டுங்க, மீன் குடுங்க, எது வேணும்னாலும் பண்ணுங்க. அவனை ஓட வெச்சுடுங்க.

நன்றியோட,
ஜெமேலி

*

நைரோபி
12 ஜூலை 1999

அக்காவுக்கு,

நான் நல்லா இல்லை. இப்படி ஒரு கடிதத்தை ஆரம்பிக்கலாமான்னு தெரியலை, அவுவோர் அம்மா ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க.

ரெண்டாவது தையல் போட்டாச்சு. தேர்வை வார்டுல ரேடியோவுல கேட்டேன். கடைசிச் சுத்துல தண்ணிக் குழின்னு சொன்னப்ப என் கால் தானா இழுத்துச்சு. ஜெயிச்ச மூணு பேர்ல ஒருத்தன் போன டிசம்பர்ல எனக்குப் பின்னால ஓடினவன். கிமோசோப் ரேடியோவை அணைக்கப் போனான், வேண்டாம்னுட்டேன்.

அதுக்கு மறுநாள் அவுவோர் அம்மா வந்து காலை மடக்கினாங்க. “எத்தனை?” “சாமோவுக்கு இந்நேரம் கன்னு...”ன்னு ஆரம்பிச்சேன். “மாடு வேண்டாம்! உன் அக்கா எல்லாத்தையும் எழுதிட்டா. எண்ணைச் சொல்லு!” எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அக்கா, நீ ஒரு துரோகி. வார்டே பாக்குது. முகத்துல அந்தச் சேறு காஞ்சு இறுக்கிப் பிடிக்கிற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் ஏழுன்னு சொல்லிட்டேன்.

அவங்க உடனே கையை எடுத்துட்டாங்க, அக்கா. அவ்வளவுதான் நடந்துச்சு. யாரும் கோழைன்னு சொல்லலை, யாரும் சிரிக்கலை. சொன்னா கையை எடுத்துடுவாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் போர்வையை முகத்துல போட்டுக்கிட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரன் தன்னோட வாழைப்பழத்தை எடுத்து என் தலையணைகிட்ட வெச்சான்.

ஏன் பூஜ்யம் சொன்னேன்னு கேக்கறியா? பழக்கம் பாதி. ஜூலையை விடக் கூடாதுங்கிறது மீதி. அங்க நீயும் அம்மாவும் தனியா மக்காச்சோளம் அறுப்பீங்களே, சீக்கிரம் வந்துடணும்னும் இருந்துச்சு.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். அவுவோர் அம்மா உன் கடிதத்தை என்கிட்ட காட்டினாங்க. படிக்கக் காட்டலை, மையைக் காட்டினாங்க. “இது இடது கை எழுதின எழுத்து. எழுத எழுதக் கை ஈர மை மேல இழுபடுது பாரு. உன் அக்கா இடது கைக்காரியா?” இல்லைன்னேன். “அப்ப வலது கைக்கு என்ன?”ன்னாங்க.

என்ன அக்கா ஆச்சு உன் வலது கைக்கு?

தாரூஸ்

*

கப்சோவார்
20 ஆகஸ்ட் 1999

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத நேரமாயிடுச்சு, அறுவடை. உன் முழங்கால் எப்படி இருக்கு? அவுவோர் அம்மாவுக்கு உடம்பு எப்படி? அவங்க பிள்ளைங்க எப்படி? டாக்டர் முசிலா எப்படி? கிமோசோப்புக்கு வயித்துவலி விட்டுச்சா? அவன் பெண்டாட்டி இருமல்? அவன் மாமனாருக்குக் கண்ணுல புரை வந்துச்சே, எடுத்தாங்களா? பக்கத்துக் கட்டில்காரர், அந்த வாழைப்பழக்காரர், வீட்டுக்குப் போயிட்டாரா? பஸ்காரருக்கு இடுப்புப் பிடிப்புன்னு கேள்விப்பட்டேன், விசாரிச்சேன்னு சொல்லு.

ரேடியோவுல கேட்டதை நினைச்சு மனசைக் குழப்பிக்காதே. நானும் ஸ்கூல்ல கேட்டேன். அடுத்த வருஷமும் ஜூலை வரும்.

என் கைக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு கையாலயும் எழுதப் பழகறது மூளைக்கு நல்லதுன்னு ஒரு புத்தகத்துல போட்டிருந்துச்சு. அவுவோர் அம்மா என் கைக்கு எண்ணைக் கேட்டா பூஜ்யம்னு சொல்லு.

ஜெமேலி

*

நைரோபி
14 நவம்பர் 1999

அக்காவுக்கு, அம்மாவுக்கு,

முதல்ல ஒரு சேதி. நேத்து ஓடினேன்.

புல் மைதானத்துல, ஒரு கோடியிலேருந்து மறு கோடி வரைக்கும். அவுவோர் அம்மா பக்கத்துலயே மூச்சு வாங்கிக்கிட்டு ஓடி வந்தாங்க, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு. “எத்தனை? எத்தனை?” நடுவுல ஒரு இடத்துல மூணுன்னு சொன்னேன். நிறுத்திட்டோம். அவ்வளவுதான், இன்னிக்கு மறுபடி ஓடினேன், ஒண்ணுதான் இருந்துச்சு. ஜவ்வு பிடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். வர்ற ஜூலைக்கு ஓடலாமாம். தடையைத் தாண்டறதும், தண்ணிக் குழியும் ஏப்ரலுக்கு அப்புறம். இந்தத் தடவை என் எண்ணை நம்பித்தான் எல்லாமே நடக்குது, அதனால பொய் சொல்ல முடியாது.

இவ்வளவு நாள் ஏன் எழுதலைன்னா, உன் பூஜ்யத்தைப் படிச்சுட்டு எனக்குக் கோபம். நான் ஓடின பிறகு எழுதினாத்தான் நீ என் பேச்சைக் கேப்பேன்னும் இருந்துச்சு.

எனக்கு வலிச்சா மாட்டை விசாரிப்பேன்னு ஊருக்கெல்லாம் எழுதினியே, உனக்கு வலிச்சா என்ன பண்ணுவேன்னு நான் சொல்லட்டுமா? மத்தவங்க உடம்பை விசாரிப்பே. அப்பா செத்த அன்னிக்கு வந்தவங்களையெல்லாம் சளி எப்படி, முட்டி எப்படின்னு கேட்டுக்கிட்டு நின்னியே, மறந்துட்டியா? இந்த ஆகஸ்ட் கடிதத்துல கிமோசோப்போட மாமனார் கண்ணு வரைக்கும் போயிட்டே. கிமோசோப்புக்கு வயித்துவலியே வரலை அக்கா!

ஊரிலேருந்து வந்த பஸ்காரர் சொல்லிட்டார். (அவர் இடுப்பு நல்லா இருக்கு.) மார்ச்சுல கடைசிக்கு முந்தின ஆட்டத்துல பந்தை அடிக்க எழும்பினப்ப உன் தோள்பட்டை கழண்டுடுச்சாம். வைத்தியர் இழுத்து உள்ள தள்ளிக் கையை நெஞ்சோட கட்டினாராம். அப்புறம் தண்ணி டின்னைத் தூக்கும்போது ஒரு தடவை, சர்ச்ல கை தூக்கிப் பாடும்போது ஒரு தடவைன்னு கழண்டுக்கிட்டே இருக்காம். நீ இதை எனக்கு எழுதினா நான் சிகிச்சையை விட்டுட்டு ஊருக்கு ஓடி வந்துடுவேன்னு நினைச்சே. வந்திருப்பேன்தான்.

டாக்டர் முசிலாகிட்ட கேட்டேன். தோளுக்கும் அதே ரெண்டு மூணு துளைதானாம். உள்ளே கிழிஞ்ச ஓரத்தைப் பிடிச்சு எலும்போட சேத்துத் தைச்சா மறுபடி வலைக்கு மேல எழும்பலாம். விட விடக் கெட்டுப் போகுமாம்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. வழக்கம் போல வேண்டாத வரியைத் தாண்டாம, ஒரு வரி விடாம. தாண்டினா கிமோசோப்பைச் சீருடையில அனுப்புவேன்.

அப்புறம் எனக்கு எழுது. ஒரே ஒரு எண்.

ஓடிக்கிட்டிருக்கிற உன் தம்பி,
தாரூஸ்

*

கப்சோவார்
22 நவம்பர் 1999

தாரூஸ்,

இந்தத் தடவை நான் யாரையும் விசாரிக்கப் போறதில்லை.

எட்டு.

ராத்திரி திரும்பிப் படுத்தா ஒன்பது. பொம்பளைங்க எங்க முகத்துல யாரும் சேறு பூசலைடா, நாங்க சேறு இல்லாமலே அப்படி நிக்கப் பழகிட்டோம். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைங்களுக்கு முன்னால, கையைத் தூக்க முடியாம, சிரிச்சுக்கிட்டே நிப்பேன். உனக்கு ‘யாரும் சேறு பூசலை’ன்னு எழுதின அதே கையாலதான் உன்கிட்ட மறைச்சேன். அப்பவும் அது இடது கைதான்.

அம்மா பால் கறந்துக்கிட்டிருந்தா. பக்கத்துல கட்டையைப் போட்டு உக்காந்து உன் கடிதத்தை ஒரு வரி விடாமப் படிச்சேன். நீ ஓடினதைக் கேட்டதும் கறக்கிறதை நிறுத்திட்டா, மறுபடி ஒரு தடவை படின்னா, படிச்சேன். என் தோள் வந்தப்ப அவ நிமிரவே இல்லை. அவளுக்குத் தெரியாதா என்ன, கட்டுப் போட்டு விடறதே அவதான். ஆனா எவ்வளவு வலின்னு அவ கேட்டதில்ல, நான் சொன்னதில்ல. கடைசியில “எட்டும்மா”ன்னேன்.

அவ பால் டப்பாவை நேரா வெச்சு மறுபடி கறக்க ஆரம்பிச்சா. அப்புறம், மாட்டு வயித்துல நெத்தியைச் சாய்ச்சுக்கிட்டே, “எனக்கு இடுப்பு. ஆறு”ன்னா.

எப்பலேருந்தும்மான்னு கேட்டேன். “உங்க அப்பா போனதுலேருந்து”ன்னா. இத்தனை வருஷம்டா! நாம ரெண்டு பேரும் அவளை ஒரு நாளாவது கேட்டிருக்கமா? நான் டப்பாவை அவ கையிலேருந்து வாங்கினேன், இடது கையால. அவ எழுந்திரிக்கும்போது முதல் தடவையா வாய் விட்டு முனகினா. நான் தாங்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

மாடுகளைப் பாத்துக்கப் பக்கத்து வீட்டுல சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை பஸ்ல ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். அவுவோர் அம்மாகிட்ட சொல்லி வை.

அக்கா